மேலதிகாரி இல்லாத மேசை: பல துறைகள் சேர்ந்து நடத்தும் புத்தாக்க ஆய்வகங்களின் ஆளுகை

ஆண்டுதோறும் ஆற்று வெள்ளம் புகும் ஒரு நகரம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் எந்தத் தெருவுக்குள் எப்போது நுழையும் என்று ஆறு மணி நேரம் முன்னதாகச் சொல்ல முடிந்தால் உயிர்களைக் காப்பாற்றலாம். ஆனால் தனி ஒருவரால் அதைச் செய்ய முடியாது. மழை அளவும் அணை நீர்மட்டமும் அரசுத் துறையிடம் இருக்கின்றன. நீர்மட்ட உணர்கருவி செய்யும் திறமை ஒரு நிறுவனத்திடம் இருக்கிறது. நீரோட்டத்தைக் கணிக்கும் கணித மாதிரி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எந்தச் சந்தில் தண்ணீர் முதலில் ஏறும், எந்த வீட்டில் எழுந்து நடக்க முடியாத முதியவர் இருக்கிறார் என்பது குடியிருப்போர் சங்கத்துக்குத்தான் தெரியும். இந்த நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து, சிறிய அளவில் முயன்று பார்த்து, தவறினால் திருத்தி, ஒரு தீர்வை உருவாக்குவதற்காக அமைக்கும் இடம்தான் துறைகள் கடந்த புத்தாக்க ஆய்வகம்.

இங்கே ஆய்வகம் என்ற சொல்லுக்கு, தோற்றுப் பார்ப்பதற்கு அனுமதி பெற்ற இடம் என்று பொருள். அரசு அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ ஒரு முயற்சி தோற்றால் யாராவது விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆய்வகத்தில் தோல்வியும் ஒரு முடிவாகப் பதிவாகும். கட்டடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த அனுமதி இருக்க வேண்டும்.

இவற்றின் வடிவங்கள் பல. டென்மார்க்கின் மைண்ட்லேப் 2002-ல் ஓர் அமைச்சகத்துக்குள் தொடங்கி, பிறகு பல அமைச்சகங்களின் பொதுச் சொத்தாக மாறி, குடிமக்களையும் தொழில் நடத்துவோரையும் கொள்கை வகுப்பில் சேர்த்துக்கொண்டது. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2019 முதல் நடத்தும் ஆக்சலரேட்டர் லேப்களில் பெரும்பாலும் மூன்றே பேர்: ஒருவர் புதிய போக்குகளைத் தேடுகிறார், ஒருவர் சோதனைகளை வடிவமைக்கிறார், ஒருவர் மக்கள் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கும் தீர்வுகளைத் திரட்டுகிறார். அமெரிக்காவில் 1987-ல் உருவான செமடெக்கில் ஒன்றுக்கொன்று போட்டியாளர்களான 14 குறைகடத்தி (கணினிச் சில்லு) நிறுவனங்கள் அரசுடன் கைகோத்தன. அளவிலும் நோக்கிலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவைபோல் தெரிந்தாலும், இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுச் சிக்கல் உண்டு.

ஒரே நிறுவனத்தின் இரண்டு பிரிவுகள் மோதிக்கொண்டால், இரண்டுக்கும் மேலே இருப்பவர் ஒரு தீர்ப்புச் சொல்வார். புத்தாக்க ஆய்வகத்தில் அப்படி மேலே யாரும் இல்லை. அரசுச் செயலரால் நிறுவனத்தின் பொறியாளருக்கு உத்தரவிட முடியாது. பேராசிரியர் சங்கத் தலைவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. பணத்தை எதில் போடுவது, கிடைத்ததை யார் எடுத்துக்கொள்வது, எப்போது நிறுத்துவது என்று மேலதிகாரி தீர்த்து வைத்திருக்கக்கூடிய கேள்விகளை இங்கே முன்கூட்டியே எழுதிவைத்த விதிகள்தான் தீர்க்க வேண்டும். அந்த விதிகளைத்தான் ஆளுகை என்கிறோம். நிர்வாகம் வேறு, ஆளுகை வேறு. அன்றாட வேலையை ஓட்டுவது நிர்வாகம். எந்த விஷயத்தில் யார் சொல் செல்லும் என்று வகுப்பது ஆளுகை.

நல்லெண்ணம் இருந்தால் விதி எதற்கு என்று முதல் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். நல்லெண்ணம் இருக்கும்போதுதான் விதிகளை எழுத முடியும். காப்புரிமையோ விருதோ பெரிய நிதியோ கைக்கு வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியும் பேரமாகிவிடும்.

நான்கு கடிகாரங்கள்

கூட்டு முயற்சிகளில் முதலில் வெளிப்படும் உரசலுக்குப் பெரும்பாலும் காரணம் காலக்கணக்கு. அரசுத் துறையின் கடிகாரம் நிதியாண்டு. ஒதுக்கிய பணத்தை ஆண்டு முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் அது திரும்பிப் போகும். நிறுவனம் காலாண்டுக்குக் காலாண்டு கணக்குக் காட்ட வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்டத்துக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். நடுவில் நின்றுபோனால் மாணவரின் வாழ்க்கையே குலைந்துவிடும். குடியிருப்போர் சங்கத்துக்கோ அடுத்த மழைக்காலம்தான் கெடு.

இதைச் சீர்செய்ய எளிய வழி ஒன்று உண்டு. முதல் வாரத்திலேயே ஒரு பெரிய தாளில் 24 மாதங்களைக் கோடு போட்டு, ஒவ்வோர் அமைப்பும் தன் நகர்த்த முடியாத தேதிகளை அதில் குறிக்கட்டும். நிதியாண்டு முடிவு, தேர்தல், தேர்வுக்காலம், பருவமழை எல்லாம் ஒரே தாளில் வரட்டும். நால்வருக்கும் பொதுவாக வேலை செய்யக்கூடிய மாதங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பது அப்போது தெரியும். திட்டத்தை அந்த மாதங்களுக்குள் போட வேண்டும்.

கிறிஸ் ஆன்செல், ஆலிசன் காஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 137 கூட்டு ஆளுகை முயற்சிகளை அலசி 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பங்கேற்பாளர்களிடையே பழைய பகை இருந்ததா, சேர்ந்து வருவதற்கு அவர்களுக்கு என்ன லாபம், அதிகாரமும் வளமும் எவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருந்தன, தலைமையும் அமைப்பு விதிகளும் எப்படி இருந்தன என்பவற்றைப் பொறுத்தே முயற்சிகள் தேறின அல்லது தேங்கின என்றார்கள். அவர்கள் சுட்டிய இன்னொன்று தொடங்குவோருக்கு நேரடியாகப் பயன்படும்: சிறு வெற்றிகள் நம்பிக்கையை வளர்க்கின்றன, நம்பிக்கை அடுத்த வெற்றிக்கு இடம் தருகிறது. ஆகவே முதல் மூன்று மாதங்களுக்குள் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும். வெள்ள ஆய்வகம் என்றால் ஒரே ஒரு பாலத்தில் ஒரே ஓர் உணர்கருவி போதும். அது காட்டும் நீர்மட்டம் நால்வரின் கைபேசிக்கும் வந்தால், அடுத்த கூட்டத்தில் பேச்சின் தொனியே மாறியிருக்கும்.

யார் நடத்துவது? மூன்று வழிகள்

பல அமைப்புகள் சேர்ந்த வலையமைப்பை ஆள்வதற்கு மூன்று வடிவங்கள் உண்டு என்று கீத் ப்ரோவன், பாட்ரிக் கெனிஸ் இருவரும் 2008-ல் வகைப்படுத்தினார்கள். இன்றும் தொடக்கநிலையாளருக்கு இதைவிட உதவும் வரைபடம் இல்லை என்பது எங்கள் கருத்து.

முதல் வடிவத்தில் எல்லோரும் சேர்ந்தே நடத்துகிறார்கள். தனி அலுவலகம் கிடையாது, கூட்டத்துக்கு முறைவைத்துத் தலைமை தாங்குகிறார்கள். உறுப்பினர்கள் சிலராகவும் ஒருவரை ஒருவர் நன்கு அறிந்தவர்களாகவும் இருந்தால் இது அருமையாக ஓடும். ஆட்கள் கூடக்கூட எல்லோரும் எல்லாக் கூட்டத்துக்கும் வர வேண்டியதாகி, வேலை செய்யும் நேரத்தைக் கூட்டங்களே தின்றுவிடும்.

இரண்டாவதில் ஓர் அமைப்பு தலைமை ஏற்கிறது. பணம் அதன் கணக்கில், ஆட்கள் அதன் சம்பளப் பட்டியலில். முடிவுகள் வேகமாக வரும். ஆனால் மற்றவர்கள் மெல்ல மெல்லப் பார்வையாளர்களாகிவிடுவார்கள். பொறுப்பான அதிகாரிகளை அனுப்பிக்கொண்டிருந்த இடத்துக்கு இளநிலை ஊழியர்களை அனுப்பத் தொடங்குவது இதற்கு முதல் அறிகுறி. வருகைப் பதிவேட்டில் பதவிகளை ஒப்பிட்டுப் பார்த்தாலே ஆய்வகத்தின் உடல்நிலை தெரிந்துவிடும்.

மூன்றாவதில் ஆய்வகத்தை நடத்துவதற்கென்றே தனி அலுவலகம் ஒன்றை ஏற்படுத்துகிறார்கள். அது அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ லாபநோக்கற்ற நிறுவனமாகவோ இருக்கலாம். உறுப்பினர்கள் அதிகமாகி, ஒருவர்மீது ஒருவருக்கு முழு நம்பிக்கை இல்லாத நிலையில் இதுவே பொருந்தும். ஆனால் இதற்குச் செலவு கூடும். அந்த அலுவலகம் காலப்போக்கில் தன் இருப்பைக் காப்பதையே முதல் வேலையாக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

நான்கைந்து அமைப்புகள் என்றால் முதல் ஆண்டுக்கு இரண்டாவது வடிவத்தில் தொடங்கி, பணத்தை மட்டும் தலைமை அமைப்பிடம் கொடுத்து, முடிவெடுக்கும் உரிமையைக் கூட்டுக் குழுவிடம் விடுவது நல்ல நடுவழி. பணப்பெட்டியும் தலைமை நாற்காலியும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எந்த முடிவு யாருடையது

இதுதான் ஆளுகையின் மையம். இதில் இரண்டு நாள் செலவழிக்கத் தயங்குபவர்கள் பின்னால் மாதக்கணக்கில் இழக்கிறார்கள்.

முதலில் வரக்கூடிய முடிவுகளையெல்லாம் ஒரு பட்டியலாக எழுத வேண்டும். பொதுவாக 25 முதல் 30 வரை தேறும். உணர்கருவியை எங்கே பொருத்துவது, புதிய உறுப்பினரைச் சேர்ப்பது, செய்தியாளரிடம் பேசுவது, திட்டத்தின் திசையை மாற்றுவது, தரவை வெளியாருக்குத் தருவது என்று சின்னதும் பெரியதும் கலந்தே வரட்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு பெயர் போட வேண்டும்: செய்பவர், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர், முன்கூட்டிக் கருத்துக் கேட்கப்பட வேண்டியவர், பிறகு தகவல் தெரிய வேண்டியவர். பதில் சொல்ல வேண்டியவர் இடத்தில் ஒரு பெயர்தான் வரலாம். இரண்டு பெயர் வந்தால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

பிறகு முடிவுகளை மூன்று தட்டுகளாகப் பிரிக்கலாம். அன்றாட முடிவுகளை ஆய்வக ஒருங்கிணைப்பாளர் தானே எடுத்து வாரம் ஒருமுறை எழுத்தில் தெரிவிப்பார். சோதனையின் வடிவம், கால அட்டவணை போன்றவற்றை ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட பணிக்குழு முடிவு செய்யும். வரவுசெலவுத் திட்டத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் மாற்றம், புதிய உறுப்பினர், அறிவுசார் சொத்து, பொதுமக்களுக்கு வெளியிடுதல், நிறுத்துதல் ஆகியவை வழிநடத்தும் குழுவுக்குப் போகும். வழிநடத்தும் குழுவில் உட்காருபவர் தன் அமைப்பின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். 'கேட்டுவிட்டுச் சொல்கிறேன்' என்று ஒவ்வொரு முறையும் எழுந்து போகிறவர் அந்த நாற்காலிக்குரியவர் அல்ல. அவருக்குப் பதில் வருபவரும் முன்பே பெயர் கொடுக்கப்பட்ட ஒரே ஆளாக இருக்கட்டும். கூட்டத்துக்குக் கூட்டம் முகம் மாறினால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்ற விதி நியாயமாகத் தோன்றும். நடைமுறையில் அது ஒவ்வொருவர் கையிலும் ஒரு தடைச்சாவியைக் கொடுக்கிறது, மிக மெதுவானவரின் வேகமே எல்லோருடைய வேகமும் ஆகிறது. சாதாரணப் பெரும்பான்மை வாக்கெடுப்பும் ஆபத்துதான். தோற்ற அமைப்பு வெளிப்படையாக எதிர்க்காது, ஆனால் ஆட்களையும் தரவையும் அனுப்புவதைத் தாமதிக்கும். ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடக்கும் கூட்டாய்வுகளில் பரவலாகப் பயன்படும் டெஸ்கா மாதிரி ஒப்பந்தம், கூட்டம் செல்லுபடியாக மூன்றில் இரு பங்கு உறுப்பினர்கள் வேண்டும், முடிவுக்குப் பதிவான வாக்குகளில் மூன்றில் இரு பங்கு வேண்டும் என்கிறது. தன் நியாயமான நலனுக்குக் கடும் கேடு வரும் என்று காட்ட முடிகிற உறுப்பினருக்குத் தடுப்புரிமையும் தருகிறது.

பணிக்குழு அளவில் இன்னும் எளிதான ஒரு முறை இருக்கிறது. நெதர்லாந்தின் ஜெரார்ட் எண்டன்பர்க் தன் மின்பொறியியல் நிறுவனத்தில் வளர்த்தெடுத்த சோசியோக்ரசி என்ற கூட்டு முடிவெடுப்பு முறையிலிருந்து வந்தது. 'எல்லோருக்கும் இது பிடித்திருக்கிறதா' என்று அதில் கேட்பதில்லை. 'இதைச் செய்தால் நம் நோக்கத்துக்குக் கேடு என்று காரணத்தோடு சொல்லக்கூடியவர் உண்டா' என்று கேட்கிறார்கள். காரணம் இருந்தால் முன்மொழிவைத் திருத்துகிறார்கள். இல்லையென்றால் குறிப்பிட்ட காலத்துக்குச் செய்து பார்க்கிறார்கள். ஆய்வகத்தின் இயல்புக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

முட்டுக்கட்டை வந்தால் ஏறுவதற்குப் படிகளும் வேண்டும்: ஐந்து வேலைநாள் பணிக்குழுவுக்குள், தீராவிட்டால் பத்து வேலைநாள் அமைப்புத் தலைவர்களிடையே, அதற்கும் தீராவிட்டால் ஏற்கெனவே பெயர் குறித்துவைத்த வெளியாள் ஒருவரிடம். அந்த வெளியாளைச் சண்டை வருவதற்கு முன்பே தேர்ந்தெடுக்க வேண்டும். வந்த பிறகு யாரைச் சொன்னாலும் எதிர்த்தரப்பின் ஆளாகத் தெரிவார். பொது வளங்களை மக்கள் தாமே எப்படி ஆள்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நெடுங்காலம் நிலைத்த அமைப்புகளில் கண்ட பொது அம்சங்களில் செலவு குறைந்த, கைக்கெட்டும் பிணக்குத் தீர்வும் ஒன்று. விதியை மீறினால் சிறிதில் தொடங்கிப் படிப்படியாகக் கூடும் தண்டனை இன்னொன்று. அறிக்கை தராத உறுப்பினரை உடனே நீக்க வேண்டாம். முதலில் நினைவூட்டல், பிறகு வாக்குரிமை நிறுத்தம், அதன் பிறகே நீக்கம்.

இவை எல்லாம் ஒரு முடிவுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். தேதி, என்ன முடிவு, யார் எடுத்தார், எந்த மாற்று வழிகளை ஏன் ஒதுக்கினோம், எப்போது மறுபடி பார்ப்போம் என்று ஐந்தே வரி. அதிகாரி மாற்றலாகிப் போய்ப் புதியவர் வரும் நாளில்தான் இந்த ஐந்து வரியின் அருமை தெரியும்.

விளைந்த அறிவு யாருக்கு

அறிவுசார் சொத்துரிமையில் மூன்று கூறுகளைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கொண்டுவந்தது முதல் கூறு. இதை முன்னறிவு என்று சொல்லலாம். ஆய்வகத்தில் விளைந்தது இரண்டாவது. விளைந்ததைப் பயன்படுத்த அடுத்தவரின் முன்னறிவு தேவைப்பட்டால் கிடைக்கும் அனுமதி மூன்றாவது. மூன்றாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள். வெள்ளக் கணிப்பு மாதிரி நால்வருக்கும் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அது ஓடுவதற்குப் பல்கலைக்கழகத்தின் பழைய மென்பொருள் ஒன்று அடியில் வேண்டும், அதற்கு உரிமம் இல்லை. அப்படியானால் நால்வரிடமும் இருப்பது சாவி இல்லாத வீடு.

முன்னறிவை முதல் மாதமே பட்டியலிட்டு ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். என்ன பொருள், யாருடையது, எந்த நிபந்தனையில் தருகிறார், திறமூல உரிமம் (யாரும் பயன்படுத்தித் திருத்தலாம் என்று நிபந்தனைகளோடு தரும் அனுமதி) ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பவை அதில் இருக்க வேண்டும்.

'எல்லாம் கூட்டு உரிமை' என்று எழுதிவிட்டால் நியாயமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கூட்டு உரிமையின் பொருள் நாட்டுக்கு நாடு மாறுகிறது. வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமையின் ஒவ்வொரு கூட்டு உரிமையாளரும் மற்றவரைக் கேட்காமல், கணக்கும் காட்டாமல் அதைப் பயன்படுத்தலாம், மூன்றாம் நபருக்கு உரிமமும் தரலாம். பிரிட்டனில் தானே பயன்படுத்தலாம், ஆனால் உரிமம் தர மற்றவரின் சம்மதம் வேண்டும். ஒரே வாக்கியம் ஓரிடத்தில் எல்லோருக்கும் திறந்த கதவாகவும் இன்னோரிடத்தில் எல்லோருக்கும் பூட்டாகவும் இருக்கிறது. அதனால் உரிமையை ஒருவரிடம் வைத்து, மற்றவர்களுக்கு எதற்கு, எங்கே, எவ்வளவு காலம் பயன்படுத்தும் உரிமை என்று தெளிவாக எழுதுவது பெரும்பாலும் பாதுகாப்பானது. பிரிட்டன் 2005-ல் வெளியிட்ட லாம்பர்ட் மாதிரி ஒப்பந்தங்கள் பல்கலைக்கழகத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே உரிமையை எப்படியெல்லாம் பிரிக்கலாம் என்று தனித்தனி வார்ப்புகளாகவே தருகின்றன. வெற்றுத்தாளில் தொடங்குவதைவிட அவற்றில் ஒன்றை எடுத்துத் திருத்துவது வாரக்கணக்கான வழக்கறிஞர் நேரத்தை மிச்சப்படுத்தும்.

கட்டுரை வெளியிடுவது அடுத்த உரசல். ஆய்வாளருக்கு வெளியீடுதான் வாழ்வு. நிறுவனத்துக்கோ, ஐரோப்பாவில் காப்புரிமை விண்ணப்பத்துக்கு முன்பு ஒரு மாநாட்டில் பேசிவிட்டாலே காப்புரிமைக்கு வேண்டிய புதுமை போய்விடும். அமெரிக்காவில் வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்க ஓராண்டு சலுகைக் காலம் இருப்பதால் அங்கே பழகியவர்கள் இதில் அடிக்கடி தவறுகிறார்கள். வெளியீட்டைத் தடுக்காமல் சற்றுத் தள்ளிவைக்கும் விதியே இதற்குத் தீர்வு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் 2020 திட்டத்தில் வெளியிடுவதற்கு 45 நாள் முன்னால் கூட்டாளிகளுக்கு அறிவிக்க வேண்டும், ஆட்சேபம் இருந்தால் 30 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது அடிப்படை விதியாக இருந்தது. பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளும் வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பேரங்கள் எதுவுமே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. 2004-ல் பணி தொடங்கிய ஸ்ட்ரக்சரல் ஜீனோமிக்ஸ் கன்சார்ட்டியத்தில் வெல்கம் அறக்கட்டளையும் கனடா அரசின் நிதி அமைப்புகளும் மருந்து நிறுவனங்களும் பணம் போட்டன. மனிதப் புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைக் கண்டறிந்து, காப்புரிமை எடுக்காமல், எல்லோருக்கும் திறந்த தரவு வங்கியில் வைத்துவிடுகிறார்கள். பணம் போடும் நிறுவனத்துக்கு என்ன லாபம்? எந்தப் புரதங்களை ஆராய வேண்டும் என்று பரிந்துரைக்கும் உரிமை அதற்கு உண்டு, யார் எதைப் பரிந்துரைத்தார்கள் என்பது ரகசியமாகவே இருக்கும். விளைச்சலைப் பொதுவாக்கிவிட்டு, எதை விதைப்பது என்ற தேர்வில் மட்டும் பங்கு தரும் இந்த ஏற்பாடு ஆளுகை வடிவமைப்பில் மிக நேர்த்தியானது.

தரவும் எச்சரிக்கையும்

தரவுக்கு ஐந்து கேள்விகள் போதும். பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தில் உருவாகிப் பல நாடுகளில் பரவிய முறை இது. பயன்பாடு தகுந்ததா, ஆட்கள் நம்பத் தகுந்தவர்களா, வைக்கும் இடம் பாதுகாப்பானதா, தரவிலிருந்து தனிநபரை அடையாளம் காண முடியுமா, வெளியே போகும் முடிவிலிருந்து காண முடியுமா? வெள்ள ஆய்வகத்தில் நீர்மட்டத் தரவைத் திறந்துவிடலாம். நடக்க முடியாத முதியவர்களின் வீட்டுப் பட்டியல் சங்கத்தின் கையைவிட்டு நகரவே கூடாது. கணிப்பு மாதிரிக்கு அது தேவையுமில்லை, தெருவின் எண் போதும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். சோதனையில் இருக்கும் கருவி 'வெள்ளம் வருகிறது' என்று சொன்னால் அதை மக்களுக்கு அறிவிப்பது யார்? பொய்யெச்சரிக்கையால் ஒரு பகுதியே இரவில் வெளியேறினால் பொறுப்பு யாருக்கு? எச்சரிக்கை விடும் சட்ட அதிகாரம் உரிய அரசு அமைப்பிடமே இருக்கட்டும். முதல் பருவம் முழுக்க ஆய்வகத்தின் கணிப்பை வெளியே சொல்லாமல் பதிவு மட்டும் செய்து, நடந்ததோடு ஒப்பிட வேண்டும். எத்தனை முறை தவறினால் ஏற்கத்தக்கது என்ற அளவை அந்த ஒப்பீட்டுக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு அளவைக் குறிப்பதில் யாரும் நேர்மையாக இருப்பது கடினம்.

பணம், கொள்முதல், நாற்காலி

செமடெக்கில் அமெரிக்க அரசு ஆண்டுக்கு 10 கோடி டாலர் அளவில் கொடுத்தது, உறுப்பினர்களும் ஈடாகக் கொடுத்தார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் குறைகடத்தி விற்பனையில் ஒரு சதவீதம் கட்ட வேண்டும், குறைந்தது 10 லட்சம் டாலர், அதிகபட்சம் 1.5 கோடி டாலர். வளத்துக்கேற்ற பங்கு, சிறியவருக்கு ஒரு தரை, பெரியவருக்கு ஒரு கூரை. பெரியவர் ஆதிக்கம் செலுத்தாமலும் ஏமாற்றமடையாமலும் இருக்க இந்தக் கூரை உதவும். அவர்கள் கற்ற இன்னொரு பாடமும் முக்கியமானது. போட்டியாளர்கள் தங்கள் உற்பத்தி ரகசியங்களை மேசையில் வைக்கத் தயங்கியதால், எல்லோருக்கும் பொதுவாகத் தேவைப்பட்ட உற்பத்திக் கருவிகளை, அவற்றைச் செய்யும் நிறுவனங்களோடு சேர்ந்து மேம்படுத்துவதன் பக்கம் செமடெக் திரும்பியது. போட்டி தொடாத இடத்தில்தான் ஒத்துழைப்பு வேர்பிடிக்கும்.

பணமாக வராத பங்களிப்புக்கும், அதாவது ஆள் நேரம், இடம், கருவி ஆகியவற்றுக்கும், மதிப்பிடும் முறையை முதலிலேயே வகுக்க வேண்டும். 'ஒரு பொறியாளரைத் தருகிறோம்' என்பது வாரத்தில் எத்தனை நாள் என்று எண்ணாக மாறாவிட்டால் அந்தப் பொறியாளர் வரமாட்டார். வாரத்தில் இரண்டு நாளுக்குக் குறைவாக ஒதுக்கப்பட்டவரால் ஒரு சோதனையை நடத்த முடியாது, கூட்டங்களில்தான் கலந்துகொள்ள முடியும்.

அரசு பங்குபெறும் ஆய்வகங்களைக் கவிழ்க்கும் பாறை கொள்முதல். உணர்கருவி நிறுவனம் ஆய்வகத்தில் சேர்ந்து விவரக்குறிப்பை எழுத உதவுகிறது. பிறகு அரசு அதே விவரக்குறிப்பில் ஒப்பந்தப்புள்ளி கோருகிறது, அதே நிறுவனம் வெல்கிறது. யாரும் லஞ்சம் வாங்காமலிருந்தாலும் தணிக்கையில் கேள்வி வரும், வரவும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு கொள்முதல் நெறிமுறை, முன்கூட்டிப் பங்கேற்றவருக்குத் தெரிந்த தகவலை மற்றப் போட்டியாளர்களுக்கும் தந்து, போதிய கால அவகாசமும் தரச் சொல்கிறது. இதையே உங்கள் விதியாக்கிக்கொள்ளலாம்: விவரக்குறிப்பு, சோதனை முடிவு அனைத்தும் பொதுவெளியில் இருக்கட்டும். நிறுவனம் சேரும் நாளிலேயே தன் வணிக நலனை எழுத்தில் அறிவிக்கட்டும். கொள்முதல் பேச்சு தொடங்கும்போது அதன் பிரதிநிதி அறையைவிட்டு வெளியேறட்டும்.

குடியிருப்போர் சங்கத்தின் நாற்காலி பெரும்பாலும் பெயரளவுக்கே இருக்கிறது. மற்ற மூவரும் சம்பள நேரத்தில் வருகிறார்கள், சங்கத்தவர் தன் கூலியை இழந்து வருகிறார். வந்துபோகும் செலவும் நேரத்துக்கான தொகையும் கொடுங்கள். ஒருவராக உட்காரவைக்காமல் இருவராக உட்காரவையுங்கள், தனியாள் பேசத் தயங்குவார். ஆவணங்களை ஏழு நாள் முன்னால், அவர்கள் மொழியில், இரண்டு பக்கத்துக்கு மிகாமல் அனுப்புங்கள். அந்த இருவரில் ஒருவர் எதிர்த்ததால் ஒரு முடிவாவது மாறியிருக்கிறதா என்று ஆண்டு முடிவில் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள்.

தொடர்வதா, நிறுத்துவதா, யாரிடம் ஒப்படைப்பது

பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாசல் வைக்க வேண்டும். அதில் தொடர், திருத்து, நிறுத்து என்ற மூன்று பதில்தான் உண்டு. நிறுத்துவதற்கான நிபந்தனை முன்பே எழுதப்பட்டிருந்தால் யாருடைய மானமும் போகாமல் நிறுத்தலாம்.

சோதனை வென்றால்தான் பெரிய சிக்கல். தொழில்நுட்பத்தின் முதிர்ச்சியை நாசா ஒன்பது படிகளாக அளக்கிறது. ஆய்வகங்கள் நடுப்படிகள்வரை நன்றாக ஏறுகின்றன. அதற்கு மேல் கருவியைத் தினசரி ஓட்டி, பழுதுபார்த்து, செலவேற்க ஒரு துறை வேண்டும். பாலத்தில் பொருத்திய உணர்கருவிக்கு மின்கலம் மாற்ற வேண்டும், வெள்ளம் வடிந்ததும் சேற்றைக் கழுவ வேண்டும். அதற்கு ஆள் யார், எந்த நிதித் தலைப்பு என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால் நல்ல முன்னோட்டங்கள் துருப்பிடித்துப் போகின்றன. ஆகவே பெற்றுக்கொள்ளப் போகும் பிரிவின் பெயர் முதல் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். அந்தப் பிரிவின் பராமரிப்பு ஊழியர் ஒருவர் பணிக்குழுவில் உட்கார வேண்டும். கருவியின் வடிவத்தைத் தீர்மானிக்கையில் அவர் சொல்வதற்கு வடிவமைப்பாளரின் சொல்லுக்குச் சமமான எடை தரவேண்டும்.

ஆய்வகமும் ஒருநாள் மூடப்படும். மெக்சிகோ நகரம் 2013-ல் தொடங்கிய லபோரட்டோரியோ பாரா லா சியுதாத் 2018-ல் ஆட்சி மாறியபோது முடிந்தது. மைண்ட்லேப்பும் அதே 2018-ல் மூடப்பட்டது, நன்மதிப்பு அதைக் காப்பாற்றவில்லை. ஒரே ஓர் ஆதரவாளரின் அறையில் குடியிருக்கும் ஆய்வகம் அவரோடு போய்விடும் என்பதால், குறைந்தது இரண்டு அமைப்புகளின் வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கு ஒதுக்கீடு இருக்க வேண்டும்.

வெளியேறும் விதியும் கலைக்கும் விதியும் ஒப்பந்தத்தில் ஒரே பக்கத்தில் அடங்கும். விலக விரும்புபவர் எத்தனை நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும்? 90 நாள் வழக்கமான ஏற்பாடு. அவர் கொண்டுவந்த முன்னறிவை மற்றவர்கள் தொடர்ந்து பயன்படுத்தலாமா? அவர் ஏற்ற செலவில் மீதியை யார் கட்டுவது? கலைத்தால் கருவிகள் யாருக்கு, தரவு எந்தக் காப்பகத்துக்கு, எதை அழிப்பது, அழித்ததை யார் சான்றளிப்பது? முனைவர் பட்ட மாணவரின் ஊதியம் எந்தத் தேதிவரை உறுதி? தோற்ற சோதனைகளின் பதிவுகள் உட்பட முடிவுப் பதிவேடு முழுவதையும் எங்கே வெளியிடுவது? இந்தப் பக்கத்தை எல்லோரும் கையெழுத்திடும் முதல் நாளில் நிரப்பி, ஒவ்வோர் ஆண்டும் ஒருமுறை எடுத்துப் படித்துத் திருத்துங்கள்.